எல்லாரும் தண்ணி குடிங்க

ஜனவரி 9

அக்காவுக்கு, தம்பி இடது கையால் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டுமாம். பேச்சுப் பயிற்சி டீச்சர் தலைமாட்டில் நின்றுகொண்டு சொல்கிறார். தலையில் ஆபரேஷன் ஆன எல்லோரும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். வாய்க்கு வராதது கைக்காவது வரட்டும் என்கிறார். எனக்குக் கைக்கு எல்லாம் வருகிறது, அக்கா. தலைக்குள் எல்லாச் சொல்லும் வரிசையாக நிற்கிறது. வாய்தான் கதவைத் திறக்கமாட்டேன் என்கிறது. முதல் பாடமாக ‘தண்ணி’யை எடுத்திருக்கிறார். தாகம் எடுத்தால் கேட்கத் தெரிய வேண்டும் அல்லவா? நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வை, காற்றை விடு என்று கண்ணாடியைக் காட்டிப் படாதபாடு படுகிறார். எனக்குக் காற்று மட்டும் வருகிறது.

போன், டிவி, கம்ப்யூட்டர் எதையும் கண்ணில் காட்டமாட்டார்கள். திரை மினுங்கினால் மறுபடி வலிப்பு வந்துவிடும் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். அதனால்தான் உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். சிரிக்காதே.

ஞாயிறு சாயங்காலம் நீ லாண்டரிக்குப் போன பிறகு என் அறையில் கம்ப்யூட்டரில் விளையாடுவேனே, அது தனியாக ஆடுகிற ஆட்டம் இல்லை. எங்கள் பக்கம் நூறு பேர், எறும்புப் படை என்று பெயர். எதிர்ப்பக்கம் நூறு பேர், காக்காக் கூட்டம். நடுவில் ஒரு கோட்டை. யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு வாரம் சொந்தம். எல்லோரும் காதில் ஹெட்செட் மாட்டியிருப்போம். ஒருத்தன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் நகர வேண்டும். அந்த ஒருத்தன் நான். ‘பின்னாடி வா, உள்ளே போ, வழி விடு’ என்று கத்திக்கொண்டே இருப்பதால் என்னைக் கண்டக்டர் என்பார்கள். வீட்டில் வாயே திறக்காத நான் அங்கே கத்துவேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

உன் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியுமா? திரையில் என் பெயரில் நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு நீ சும்மா நின்றால் போதும். யார் கேட்டாலும் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல். வாய் போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே. கோடை வருவதற்குள் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். அதுவரை என் இடம் போகக்கூடாது.

கோணல்மாணல் எழுத்துக்குக் கோபிக்காதே.

உன் தம்பி


ஜனவரி 22

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம் முழுசும் உனக்கே. என் முழங்கால் என்னைவிட நன்றாக இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தையல் போட்ட இடத்தைச் சொறியாதே.

ஷிப்டை மாற்றிவிட்டேன். தம்பிக்காகச் சண்டைக்குப் போகவேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். மனுஷர் பயந்துபோய் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போன ஞாயிறு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொசு என்று ஒருத்தி காதுக்குள் ‘கண்டக்டர் வந்தாச்சு!’ என்று கூவினாள். நான் அவனோட அக்கா, அவனுக்குத் தொண்டை கட்டு என்றேன். உன் முதுகுக்குப் பின்னால் நின்று காயத்துக்கு மருந்து போடுவதுதான் அவள் வேலையாமே. ‘அக்கா, கேடயத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நில்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்’ என்றாள். நிற்பது எனக்கு என்ன புதுசா? நாள் முழுக்க நின்றுதானே பிழைப்பு.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! எனக்கு முன்னால் ஒரு முதுகு. அதற்கு முன்னால் இன்னொரு முதுகு. தீ, புகை, யாரோ அலறுகிறார்கள், படம் அப்படியே உறைந்துபோகிறது. திரும்ப உயிர் வந்து பார்த்தால் நான் செத்துக் கிடக்கிறேன். எழுந்து, நடையாய் நடந்து வாசலுக்கு வந்தால் மறுபடியும் சாவு. ‘டேய், பின்னாடி ஒருத்தன் வர்றான் பாருடா!’ என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். மைக் திறந்திருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அத்தனை பேரும் சிரித்தார்கள். இப்போது அதை மூடக் கற்றுக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இதில் என்னடா கிடைக்கிறது? யார் யாரை வெட்டினார்கள் என்றே தெரியவில்லை. ஜெயித்தால் ஒரு வாரத்துக்கு ஒரு கோட்டை, அதிலும் போய்ப் படுக்க முடியாது. அடுத்த ஞாயிறு பழைய குருடி கதவைத் திறடி. இதற்காகவா மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமையை அந்த அறைக்குள் தொலைத்தாய்?

நீ இல்லாமல் அவர்கள் திண்டாடுகிறார்கள். எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுகிற ஒருத்தர், வக்கீல் என்கிறார்கள், உன் இடத்தில் கத்துகிறார். யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை. கோட்டை கைவிட்டுப் போய்விட்டது. சீக்கிரம் குணமாகி வா.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

உன் உடம்பு நன்றாக இருப்பது உன் கிண்டலிலேயே தெரிகிறது. எனக்கும் குறைவில்லை. வலது கைவிரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன.

என்ன கிடைக்கிறது என்று கேட்டாய். நான் உன்னை ஒன்று கேட்கிறேன். ஓட்டலில் அத்தனை படுக்கை விரிப்பையும் நீ இஸ்திரி மிஷினில் விட்டு எடுத்து, உன் ஜோடிக்காரியோடு நுனி பிடித்து மடித்து அனுப்புகிறாய். அன்று ராத்திரியே எவனோ படுத்துப் புரண்டு கசக்கிவிடுகிறான். மறுநாள் உனக்கும் பழைய குருடிதான். சம்பளம் என்பாய். சம்பளத்தை விடு. நீயும் அவளும் இரண்டு முனையைப் பிடித்து ஒரே சமயத்தில் உதறும்போது விரிப்பு காற்றில் எழும்புமே, சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்தபோது அதை ஒரு தடவை பார்த்தேன். உன் முகத்தையும் பார்த்தேன்.

பத்துப் பேர் சண்டையில் கைத்திறமை ஜெயிக்கும். இருநூறு பேர் சண்டையில் எவன் கைக்கும் மதிப்பில்லை. நீ சொன்ன மாதிரி முதுகுதான் தெரியும். இது ஒரு சண்டையா, சந்தைக் கூட்டம் என்று சலித்துக்கொண்டு எத்தனையோ பேர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அக்கா, நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் ‘அடுத்தவர் வாங்க’ என்றால் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். அங்கே ‘நில்லு’ என்றால் நூறு பேர் நிற்பார்கள். ஓடினால்தான் பிழைக்கலாம் என்கிற நேரத்தில், முகம் தெரியாத என்னை நம்பி நிற்பார்கள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அது போதாதா, போதுமா என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு நல்ல சேதி. நேற்று ‘தண்ணி’ வந்துவிட்டது. டீச்சர் கைதட்டினார். கோட்டையை விட்டதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம், நான் வந்ததும் பிடித்துவிடலாம் என்று சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 26

அன்புத் தம்பிக்கு,

‘தண்ணி’ வந்த சேதி படித்து லாண்டரியில் எல்லோருக்கும் சொன்னேன். நல்லா இருடா. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே வேலை தலைக்கு மேல். என் பழைய ஜோடிக்காரி நின்றுவிட்டாள், புதுசாக ஒருத்தி வந்திருக்கிறாள். எதிரெதிரே நின்று மடிக்கும்போது நான் ‘இடது’ என்றால் அவளுடைய இடது, என்னுடையது இல்லை. சொல்வது எதிரில் நிற்கிறவளுக்குத்தானே? அது அவளுக்கு ஏறவே இல்லை. நேற்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து ஒரு விரிப்பைக் கிழித்தே விட்டோம்.

ஞாயிறு தவறாமல் போகிறேன். போன வாரம் சண்டை தொடங்குவதற்கு முன்னால் கொசு பழைய சண்டை ஒன்றின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். நீதானா அது? ‘ஓடாதீங்க, யாரும் ஓடாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்’ என்று அந்தக் குரல் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துப்போனது. நடுவில் ஜோக் வேறு அடிக்கிறாய். இந்த வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா என்று உன்னை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். முத்தெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தாயா?

கடைசியில் நீ சொல்வதையும் கேட்டேன். ‘எல்லாரும் தண்ணி குடிங்க. போய்ப் படுங்க. நாளைக்கு வேலை இருக்கு.’ ஜெயித்தாலும் தோற்றாலும் இதைச் சொல்லித்தான் முடிப்பாயாம். நீ சொல்கிறவரை ஒருத்தரும் கிளம்பமாட்டார்களாம். அழுகை வந்துவிட்டது. மைக் மூடித்தான் இருந்தது.

எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். ‘கத்தவெல்லாம் வேண்டாம், சும்மா வந்து நின்னாக்கூடப் போதும்னு கண்டக்டர்கிட்ட சொல்லுங்க’ என்றாள் கொசு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

நலம்.

தொண்டை கட்டினவனிடம் ‘கத்த வேண்டாம், சும்மா வந்து நில்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். தொண்டை கட்டு நாலு நாளில் போய்விடும் என்று கொசுவுக்குத் தெரியாதா? நீ சொல்லிவிட்டாய். உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று.

உன் தம்பி


மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு வாய் போனாலும் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. பிடித்துவிட்டாய்.

நான் சொல்லவில்லையடா. அவர்கள் காதில் விழுந்துவிட்டது. பிப்ரவரி நடுவில் ஒரு ஞாயிறு, சண்டை உச்சத்தில் இருக்கும்போது உன் டாக்டர் போனில் கூப்பிட்டார். எப்போது கூப்பிடுவார் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தேன். ஒரு காதில் ஹெட்செட், இன்னொரு காதில் போன். சத்தத்தில் அவர் பேசுவது சரியாகக் கேட்காமல், சொன்னதையே திரும்பத் திரும்ப உரக்கக் கேட்டேன். ‘பழையபடி பேச வராதா? எப்பவுமேவா டாக்டர்? கம்ப்யூட்டர் முன்னாடி இனிமே உக்காரவே கூடாதா?’ போனை வைத்த பிறகுதான் பார்த்தேன். மைக் திறந்தே இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்தது, ஆனால் காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. நூறு பேர் மூச்சு விடுவதுதான் கேட்டது. அப்புறம் வக்கீல் மெதுவாக, ‘அக்கா, மைக்கை மூடிக்குங்க’ என்றார்.

டாக்டர் சொன்னதை நேரில் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இப்படிக் காகிதத்தில் உன் தலையில் கல்லைப் போடுகிறேன். அவர் சொன்னது அதுதான். எப்பவுமே.

பொய்மேல் பொய் அடுக்க எனக்குத் தெம்பு இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தோற்கவில்லை. நான் போன முதல் ஞாயிற்றிலிருந்து கோட்டை நம்மிடம்தான் இருக்கிறது. வக்கீல் நன்றாகவே நடத்துகிறார். நீ இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று எழுதினால் நீ சீக்கிரம் எழுந்து வருவாய் என்று நினைத்தேன்.

திட்டியாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துவிட்டது. டீச்சரிடம் போனில் கேட்டேன். சாப்பிடுகிறான், தூங்குகிறான், காகிதத்தைத் தொடமாட்டேன் என்கிறான் என்றார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாயாமே.

லாண்டரியில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்தேன், உனக்குத் தெரியுமா? வார்டு வாசலில் நர்ஸ் வந்து, நீ கையை ஆட்டி வேண்டாம் என்றதைச் சொன்னார். வெளி பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். உனக்குக் கொண்டுவந்த துண்டும் சோப்பும் நர்ஸிடம் கொடுத்தேன். வந்து சேர்ந்ததா?

ஒரு வரி போடு. ‘போடி’ என்று எழுதினாலும் போதும்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

துண்டு வந்தது. சோப்பு வந்தது. நான் இருக்கிறேன். நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கி வந்தால் உன்னிடம் என்ன சொல்வது? ஒன்றும் வராதே. அதனால்தான் வரவில்லை.

உன் பொய்க்கு நான் கோபித்தேன். என் பொய்யை யாரிடம் சொல்வது? ‘தண்ணி’ வரவே இல்லை, அக்கா. ஒரு நாளும் வரவில்லை. உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எழுதினேன்.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. வார்டு நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன். ஊழியர் ஒருத்தர் அழுக்குத் துணி வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு திரும்பினார். குறுக்கே ஒரு பெரியவர், காது கொஞ்சம் மந்தம், கைத்தடியோடு போகிறார். ‘பின்னாடி வா!’ என்று யாரோ கத்தினார்கள். பெரியவர் நின்று பின்வாங்கினார், வண்டி உரசிக்கொண்டு போனது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது நான். நடை முழுக்கக் கேட்கிற மாதிரி, அட்சர சுத்தமாக.

டீச்சர் ஓடி வந்தார். யோசித்துச் சொல்கிற சொல்லுக்கு ஒரு வழி, வாய்க்குப் பழகித் தேய்ந்துபோன சொல்லுக்கு வேறு வழியாம். என் முதல் வழி அடைந்துவிட்டது, இரண்டாவது இருக்கிறது. சோதித்துப் பார்த்தோம். பின்னாடி வா, உள்ளே போ, நில்லு, இடது, வலது, ஓடாதீங்க. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. வேறு ஒரு சொல்லும் இல்லை. உன்னைக் கூப்பிட வரவில்லை, அக்கா. மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன் என்றாய். தொலைத்த இடத்தில்தான் மிச்சம் கிடந்தது. இப்போது நர்ஸ் வேண்டும் என்றால் ‘பின்னாடி வா’ என்கிறேன். வருகிறார், எந்தப் பின்னாடி என்று கேட்கிறார்.

தண்ணி குடிக்கச் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தையும் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. சண்டை முடிந்தால்தான் அது வரும்போல. எனக்கு இனி ஏது சண்டை?

உன் தம்பி


மே 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இஸ்திரி மிஷின் பக்கத்தில் நின்று படித்தேன். ஆவியில் கண் கலங்கியதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் நலம், நீ நலமாக இரு, மற்ற விசாரிப்பெல்லாம் அடுத்த தபாலில்.

இப்போது நான் சொல்வதைக் கேள். டீச்சரிடமும் பேசிவிட்டேன், முதலில் முடியாது என்றார், அப்புறம் ஒரு தடவை மட்டும் என்றார். உன் வார்டு நடையில் ஒரு போன் இருக்கிறது அல்லவா? அதில் திரை கிடையாது, மினுங்காது. வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு அதில் உன்னைக் கூப்பிடுவேன். என் போனை ஹெட்செட் மைக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். திரையில் தெரிவதை நான் சொல்கிறேன். நீ கத்து. நூறு பேருக்கும் கேட்கும்.

வக்கீலிடம் சொன்னேன். ஒரு வாதமும் பண்ணவில்லை. ‘அன்னிக்கு நான் வாயைத் திறக்கமாட்டேன்க்கா’ என்றார். கொசு மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

உனக்குக் கண் நான். எனக்கு வாய் நீ. வருகிறாயா?

அக்கா


மே 18

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? களைத்துப்போயிருப்பாய். டீச்சரைக் கால் அமுக்கிவிடச் சொல்ல முடியாது, நீயே நீட்டிப் படுத்துக்கொள்.

ஜெயித்தோம்டா! கடைசியில் லைன் கட் ஆகிவிட்டது, அதனால் உனக்கு உடனே சொல்ல முடியவில்லை. கோட்டை நம்முடையதுதான். உன் குரல் காதில் விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே கத்தல். நீ நில்லு என்றாய், நின்றார்கள். நீ இடது என்றாய், போனார்கள். எல்லாம் நீ சொன்னபடிதான் நடந்தது.

எல்லோரும் உனக்கு அன்பு சொல்லச் சொன்னார்கள். நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

சுகம் என்று எழுத ஆசைதான். அன்று ராத்திரி எனக்கு மறுபடி வலிப்பு வந்துவிட்டது. பரபரப்பு ஆகாது என்று டாக்டர் டீச்சரைச் சத்தம் போட்டார். இனி அந்தப் போனும் கிடையாது. இப்போது பரவாயில்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும், பழைய கோணல் திரும்பிவிட்டது.

அக்கா, கோட்டையைக் காத்தால் கொம்பு ஊதும். விழுந்தால் முரசு அடிக்கும். லைன் கட் ஆவதற்கு முன்னால் எனக்கு முரசு கேட்டது. உனக்குப் பொய் சொல்லவும் வராது, இந்த விளையாட்டும் தெரியாது.

எப்படி விழுந்தது என்றும் படுத்துக்கொண்டே கண்டுபிடித்தேன். ‘இடது பக்கம் கூட்டமா வர்றாங்கடா’ என்றாய். திரையில் உனக்குத் தெரிந்தது வலது. யாருக்காவது சொல்வதென்றால் எதிரில் நிற்கிறவளின் கையைச் சொல்லிப் பழகிய வாய் உன் வாய். விரிப்பு கிழிந்த கதையை நீதானே எழுதினாய். நான் ‘இடது!’ என்று கத்தினேன். காக்காக் கூட்டம் வலதில் புகுந்துவிட்டது.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் யோசிப்பதெல்லாம் அந்த நூறு பேரை. உனக்கு மட்டும்தானா கண் இருந்தது? அவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு திரை இருந்தது. எதிரி வலதில் வருவது அத்தனை பேருக்கும் தெரிந்தது. தெரிந்தே இடதுக்குப் போனார்கள். ஒருத்தன்கூட ‘இல்லை கண்டக்டர், வலது’ என்று சொல்லவில்லை. வாதம் பண்ணியே பெயர் வாங்கின வக்கீல்கூட. நல்ல படை இப்படிச் செய்யாது. பழைய நானாக இருந்தால் எல்லோரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். குளிர்காலம் முழுக்கக் காத்த கோட்டையை, ஒரு குருடன் பேச்சைக் கேட்டுக் கைவிட்டார்கள். என்ன கிடைக்கிறது என்று ஜனவரியில் கேட்டாயே. போர்வைக்குள் அழுதுகொண்டு அதைத்தான் நினைத்தேன்.

முரசு கேட்டதும் நான் என்ன சொன்னேன் என்று உனக்குக் கேட்டதா, அதற்குள் லைன் போய்விட்டதா? ‘எல்லாரும் தண்ணி குடிங்க. போய்ப் படுங்க. நாளைக்கு வேலை இருக்கு.’ முழுசாக வந்தது, அக்கா. டீச்சர் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை தாகம் எடுத்தது. ‘தண்ணி’ என்று கேட்கப் பார்த்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

உன் தம்பி


ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

கேட்டது. லைன் போகவில்லை, நான்தான் வைத்துவிட்டேன். நீ சொல்லி முடித்ததும் என் அழுகை உனக்குக் கேட்டுவிடக்கூடாது என்று வைத்தேன். இனி உன்னிடம் பொய்யே சொல்வதில்லை, சொன்னாலும் நிற்பதில்லை.

வலதை இடது என்றதும் எனக்கே உறைத்தது. மாற்றிச் சொல்வதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். ‘வக்கீல் சார், அது தப்பு, திருப்புங்க!’ என்றேன். ‘கண்டக்டர் சொன்னா போறதுதான்க்கா’ என்றார். ‘கோட்டை விட்டாச்சு!’ என்று கொசு சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. உன் கடைசிச் சண்டையை நான் தோற்கடித்தேனே என்று விரிப்பு மடிக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. புதுப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் முனையையும் தானே வாங்கி மடிக்கிறாள்.

போன ஞாயிறும் போனேன். ஏன் போகிறாய் என்று என்னைக் கேட்காதே, எனக்குப் பதில் தெரியாது. கேடயத்தைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் நின்றேன். கொசு பின்னால் நின்றாள். இந்தத் தடவையும் கோட்டை கிடைக்கவில்லை. முரசு அடித்த பிறகு ஒருத்தரும் கிளம்பவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து வக்கீல், ‘அது என் வாய்க்குச் சரியா வராதுக்கா, நீங்க சொல்லிடுங்க’ என்றார்.

மைக்கைத் திறந்து நான் சொன்னேன். எல்லாரும் தண்ணி குடிங்க. போய்ப் படுங்க. நாளைக்கு வேலை இருக்கு. ஒவ்வொருத்தராகப் போனார்கள். கொசு மட்டும் கடைசிவரை இருந்து, ‘கண்டக்டர் குடிச்சாரான்னு கேளுங்க’ என்றாள்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நான் ஒரு டம்ளர் குடித்தேன். உன் தலைமாட்டில் எப்போதும் ஒரு சொம்பு நிறைத்து வைக்கச் சொல்லி டீச்சருக்கு எழுதியிருக்கிறேன். இனி நீ யாரிடமும் கேட்க வேண்டாம். எடுத்துக் குடி.

அக்கா